கத்தோலிக்கக் குடும்பத்தின் உயில்: வக்கீலிடம் முதலில் என்ன கேட்பது?

இந்த வாரக் கடிதம் பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு 66 வயது. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு கடலோர கிராமம். பொதுத்துறை ஆலை வேலைக்காக இங்கே வந்தவர், வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். வீடு அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் சரிபாதியாக இருக்கிறது. பிள்ளைகள் மூன்று பேர். மூத்த மகன் கனடாவில். நடு மகள் ஒரு துறவற சபையில் நித்திய வார்த்தைப்பாடு (வாழ்நாள் முழுவதுக்குமான துறவற உறுதிமொழி) கொடுத்த சிஸ்டர். கடைசி மகள் ஓர் இந்துப் பையனைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணந்து ஒயிட்ஃபீல்டில் இருக்கிறார். அந்தக் கல்யாணத்தில் அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. ஊரில் 40 சென்ட் தென்னந்தோப்பு. அவருடைய அப்பா 1978-இலும் அம்மா 1994-இலும் உயில் எழுதாமல் இறந்தார்கள். பட்டா அவர் பெயரிலும் தம்பி பெயரிலும் இருக்கிறது. "அக்காமார் ரெண்டு பேருக்கும் அப்பவே சீதனம் கொடுத்தாச்சு, அதனால் பாதி என்னுடையது" என்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. உயில் எழுதக் கத்தோலிக்க வக்கீலிடம்தான் போக வேண்டுமா? எங்கள் கோவிலின் பங்குத்தந்தை ஒரு வக்கீலைச் சொல்கிறார், அவரிடம் போகலாமா? மகன் அமெரிக்க இணையதளங்களைப் படித்துவிட்டு "லிவிங் டிரஸ்ட் வை, டியூரபிள் பவர் ஆஃப் அட்டர்னி எழுது" என்கிறான் (சொத்தை உயிரோடிருக்கும்போதே ஓர் அறக்கட்டளையில் வைப்பதும், நினைவிழந்தாலும் செல்லும் அதிகாரப் பத்திரம் எழுதுவதும்), சரியா? சிஸ்டருக்குப் பங்கு தேவையில்லை என்று அவரிடமே எழுதி வாங்கிவிடலாமா? கடைசி மகள் விசுவாசத்தில் நிலைத்திருந்தால்தான் பங்கு என்று நிபந்தனை போடலாமா? கோவிலுக்குப் பணமும் நிரந்தரப் பூசையும் எழுதி வைப்பது எப்படி? பின்னால் தகராறு வராமல் இருக்க மருமகனையே சாட்சிக் கையெழுத்துப் போட வைக்கலாம் என்பது அவர் யோசனை.

ஐயா, கடைசி யோசனையை உடனே கைவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

வக்கீலின் மதம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் உயிலை ஆளுவது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் கிறிஸ்தவர்களுக்கான விதிகள் இந்துக்களுக்கானவற்றிலிருந்து பல இடங்களில் விலகிப் போகின்றன. ஊரில் எழுதப்படும் உயில்களில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்களுக்கானவை என்பதால், பல அலுவலகங்களில் கணினியில் கிடக்கும் மாதிரியும் அதுதான். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் வக்கீலும் அந்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம். கோவில் வாசலையே மிதிக்காத ஒருவர் இந்தச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக அறிந்திருக்கலாம். உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். உங்கள் விசுவாசம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் அவரிடம் சொல்லலாம். சட்டத்தை நீங்கள் அவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. இரண்டும் ஒருவரிடமே அமைந்தால் நல்லதுதான்.

வக்கீலிடம் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்

முதல் சந்திப்பிலேயே, சந்தேகம் கேட்பது போல, இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: "சொத்து பெறுகிறவரின் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?" கூடாது. பிரிவு 67-இன்படி சாட்சிக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. உயிலின் மற்ற பகுதி செல்லும். உங்கள் மருமகன் சாட்சியாகக் கையெழுத்திட்டால் கடைசி மகளின் பங்கு அந்தக் கையெழுத்தாலேயே போய்விடும். இந்துக்களின் உயிலுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதனால்தான் பல வக்கீல்களுக்கு இது நினைவில் நிற்பதில்லை.

இரண்டு: "உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்தால் என்ன ஆகும்?" பிரிவு 69-இன்படி அந்த உயில் தானாகவே ரத்தாகும். உங்களில் ஒருவர் மறைந்து மற்றவர் மறுமணம் செய்துகொண்டால் புதிதாக உயில் எழுத வேண்டும். இதுவும் இந்துக்களுக்குப் பொருந்தாத விதி.

மூன்று: "புரொபேட் கட்டாயமா?" புரொபேட் என்பது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் வந்த திருத்தத்திலிருந்து அது கட்டாயமில்லை. தகராறு இருந்தாலோ, ஒரு நிறுவனம் பிடிவாதமாகக் கேட்டாலோ வாங்கலாம். "நீதிமன்றம் போயே ஆக வேண்டும்" என்று சொல்லி அதற்கும் சேர்த்துக் கட்டணம் பேசுகிறவரிடம் கவனமாக இருங்கள்.

நான்கு: "கோவிலுக்கு எழுதி வைக்க ஏதாவது தடை உண்டா?" பழைய பிரிவு 118 ஒரு விசித்திரமான தடை வைத்திருந்தது. உடன்பிறந்தார் பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவினரோ இருப்பவர், சமய, தரும காரியத்துக்கு உயிலில் எழுதினால், அந்த உயில் சாவுக்கு 12 மாதம் முன்பாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதிய 6 மாதத்துக்குள் அதற்கான அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். 2003-இல் ஜான் வல்லமாட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. "கோவிலுக்கு எழுதினால் ஒரு வருஷம் உயிரோடு இருக்கணுமாமே" என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அந்தப் பழைய விதியைத்தான்.

ஐந்து: "பூர்வீகச் சொத்தில் என் மகனுக்குப் பிறப்புரிமை உண்டா?" கிறிஸ்தவர்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற ஏற்பாடே கிடையாது. அப்பாவிடமிருந்து உங்களுக்கு முறைப்படி வந்த பங்கு உங்கள் சொந்தச் சொத்து; யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இதற்கு "ஆமாம், உண்டு" என்று பதில் வந்தால் காபியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தில் நான்குக்குச் சரியான பதில் வந்தால் போதும். ஒன்றுக்கு "பார்த்துச் சொல்கிறேன்" என்பவரைப் பற்றித் தப்பாக நினைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிறவரைவிட அவர் மேல்.

பங்குத்தந்தை சொன்ன வக்கீல்

போகலாம். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் உங்கள் பங்குக் கோவிலுக்கோ மறைமாவட்டத்துக்கோ சட்ட ஆலோசகராக இருக்கிறாரா? இருந்தால், நீங்கள் கோவிலுக்கு எழுதும் பகுதியை அவர் எழுதுவது நல்லதல்ல. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். பிறகு உங்கள் மகனோ மகளோ "அப்பாவை அவர்கள்தான் எழுத வைத்தார்கள்" என்று வழக்குப் போட இடம் கொடுக்கக் கூடாது. பயனடையும் தரப்பின் ஆள் உயில் எழுதுவதில் கைகொடுத்தார் என்றால் நீதிமன்றம் அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலையாகவே எடுத்துக்கொள்ளும்; சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவர் தலையில் விழும்.

பங்குத்தந்தையையே உயில் நிறைவேற்றுபவராகப் போடுவதும் வேண்டாம். பொதுநிலையினரின் (குருக்களோ துறவியரோ அல்லாதவர்களின்) சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை ஆயரின் அனுமதியில்லாமல் குருக்கள் ஏற்கக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 285-ஆம் எண். தவிர, சில வருடங்களில் அவர் வேறு பங்குக்கு மாற்றலாகிவிடுவார்.

நிறைவேற்றுபவராக முதலில் மனைவி, அவரால் முடியாவிட்டால் ஒயிட்ஃபீல்டு மகள் என்று எழுதுங்கள். மனத்தாங்கல் புரிகிறது. ஆனால் மாநகராட்சியில் காத்தா (வீட்டு வரிப் பதிவேட்டுப் பெயர்) மாற்றவும், வங்கிக்கு நாலு தடவை நடக்கவும், ஊருக்குப் போய்த் தாலுகா அலுவலகத்தில் நிற்கவும் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். கனடாவிலிருந்து இதையெல்லாம் செய்ய முடியாது. பங்கு பெறுகிறவரே நிறைவேற்றுபவராக இருப்பதில் சட்டத் தடை எதுவும் இல்லை.

கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாகப் பேசுங்கள்: சொத்துப் பத்திரங்களைப் படிப்பது, வரைவு, இரண்டு திருத்தம், கையெழுத்தின்போது உடன் இருப்பது எல்லாம் அதில் அடங்குமா என்று கேளுங்கள். சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவர் வேண்டாம். வீட்டு விலை ஏறியதால் உயில் எழுதும் வேலை கூடிவிடவில்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. ஆகவே "கத்தோலிக்க எஸ்டேட் பிளானிங் நிபுணர்" என்ற விளம்பரத்தைத் தேடி அலைவதில் பயனில்லை. பதிவு எண்ணைக் கேட்டுக் கர்நாடக வழக்கறிஞர் மன்றத்தில் சரிபார்க்கலாம்.

உயில் எழுதாவிட்டால் என்ன நடக்கும்

"எனக்குப் பிறகு வீடு மனைவிக்குத்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக அப்படி ஆகாது. பிரிவு 33-இன்படி உங்கள் பங்கில் மூன்றில் ஒன்று மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. வீட்டில் உங்கள் பங்கு பாதி. கணக்குப் போட்டால், மனைவிக்கு அவருடைய பாதியும் உங்கள் பாதியில் மூன்றில் ஒன்றும் சேர்ந்து 9-இல் 6 பங்கு. மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு 9-இல் 1 பங்கு. நாளைக்கு உங்கள் மனைவி வீட்டை விற்றுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போக நினைத்தால் கனடா மகன், சிஸ்டர், கடைசி மகள் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வங்கி வைப்புத் தொகைக்கு மகனை நாமினியாகப் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். நாமினி பணத்தை வாங்கும் அதிகாரம் உள்ளவர் மட்டுமே. வாரிசுகளுக்கு அதைப் பிரித்துத் தர வேண்டியவர். 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் நிறுவனப் பங்குகள், முதலீட்டுப் பத்திரங்கள் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் நிலைமை வேறு. ஆகவே நாமினி பெயரும் உயிலும் ஒன்றையொன்று வெட்டாமல் பாருங்கள்.

தென்னந்தோப்பில் உங்கள் பங்கு

இந்தப் பகுதி உங்களுக்குக் கசக்கும். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரோடு இருந்ததால் "பெண்ணுக்குப் பங்கில்லை" என்ற பேச்சு அங்கே இன்னும் ஓயவில்லை. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் அங்கே செல்லும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் அப்பா இறந்தது 1978. ஆக அவருடைய சொத்தில் மூன்றில் ஒன்று அம்மாவுக்கு, மீதி நான்கு பிள்ளைகளுக்கும் சமமாக. அம்மா இறந்தபோது அவர் பங்கும் நால்வருக்கும் சமமாக. உங்கள் பங்கு 10 சென்ட், 20 அல்ல.

சீதனத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்றால், பிரிவு 49 அதற்கும் வழி வைக்கவில்லை. உயில் இல்லாமல் இறந்தவர் உயிரோடிருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்த பணமோ சொத்தோ பங்கைக் கணக்கிடும்போது சேராது. பட்டா உங்கள் இருவர் பெயரில் இருப்பதும் உரிமையை மாற்றாது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. "இத்தனை வருஷம் நாங்கள்தானே அனுபவித்தோம்" என்ற வாதமும் கூட்டு உரிமையாளருக்கு எதிராக எளிதில் நிற்காது. அவருடைய உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவரை வெளியேற்றி அனுபவித்ததாக நிரூபிக்க வேண்டும்.

உங்களுடையதல்லாத 10 சென்டையும் சேர்த்து உயிலில் எழுதினால், வழக்கைத்தான் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கிறீர்கள். அக்காமாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மனமுவந்து விட்டுக்கொடுத்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். கேட்டால் பங்கைப் பிரித்துக் கொடுங்கள். இது உயிலுக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை.

சிஸ்டர் மகள்

துறவறம் போனதால் குடிமைச் சட்டத்தில் மகள் என்ற உரிமை போய்விடாது. வாரிசுரிமைச் சட்டம் கன்னியர்களை விலக்கவில்லை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் சிஸ்டர்களின், குருக்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கக் கூடாது என்று, வறுமை வார்த்தைப்பாட்டைக் காரணம் காட்டிப் போன வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. அரசின் கண்ணுக்கு அவர்கள் சாதாரணக் குடிமக்கள்.

"பங்கு வேண்டாம்" என்று இப்போதே எழுதி வாங்குவது வீண் வேலை. நீங்கள் உயிரோடிருக்கும்வரை அவருக்கு உங்கள் சொத்தில் உரிமை கிடையாது, எதிர்பார்ப்புதான் உண்டு. எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்பது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் பிரிவு 6. அக்காமாருக்கு இப்போதே உரிமை இருக்கிறது, அவர்கள் விடுதலை எழுதலாம்; மகளால் முடியாது.

திருச்சபைச் சட்டம் 668-ஐயும் பாருங்கள். துறவியர் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன், குடிமைச் சட்டத்திலும் செல்லத்தக்க உயில் எழுதியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் மகளும் எழுதியிருப்பார். யாருக்கு என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலான சபைகளில் துறவி தன் சொத்தின் உரிமையை வைத்துக்கொண்டு நிர்வாகத்தை மட்டும் பிறரிடம் ஒப்படைப்பார்; சில சபைகளில் உரிமையையே முழுமையாகத் துறப்பார். எந்த வகை என்பது அந்தச் சபையின் விதித்தொகுப்பில் இருக்கும். சபையின் மாநிலத் தலைவியிடம் கேட்டால் தெரியும். முதல் வகை என்றால் நீங்கள் கொடுக்கும் பங்கு அவர் உயிலின் வழியே போகும். இரண்டாம் வகை என்றால் அநேகமாகச் சபைக்கே போகும். அதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள். இல்லையென்றால், "என் மகள் துறவற வாழ்வைத் தேர்ந்துகொண்டதால், அவருடைய தேவைகளைச் சபை கவனிக்கிறது என்பதை அறிந்தே அவருக்குப் பங்கு வைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். பெயரே இல்லாமல் விட்டால் மறந்துவிட்டார் என்றோ புத்தி தடுமாறி எழுதினார் என்றோ வாதாட இடம் உண்டு.

கடைசி மகளும் நிபந்தனையும்

விசுவாசத்தில் நிலைத்திருந்தால் பங்கு என்ற நிபந்தனையை எழுதாதீர்கள். யார் சோதிப்பது? பங்குப் பதிவேடா, ஞாயிறு வருகையா? அளக்க முடியாத நிபந்தனை வழக்கில்தான் முடியும். சட்டத்துக்கோ ஒழுக்கத்துக்கோ முரணான நிபந்தனை வைத்தால் அந்தக் கொடையே செல்லாது என்கிறது பிரிவு 127. அங்கே சட்டமே தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, "கணவனை விட்டு வந்தால் 5,000 ரூபாய்" என்று உடன்பிறந்தார் மகளுக்கு எழுதிய உயில். அது செல்லாது.

மகள் மதம் மாறியிருந்தால் வாரிசுரிமை போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மதம் மாறுவதால் வாரிசுரிமை பறிபோகாது என்று அன்றே சொல்லிவிட்டது. உயில் மூலம் அவருக்குக் குறைவாக எழுத உங்களுக்கு உரிமை உண்டு. கிறிஸ்தவர் தம் சொத்து முழுவதையும் விருப்பம்போல் எழுதலாம். பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு என்று எதுவும் இல்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தும்முன், உயில் நிறைவேற்றும் வேலையை யார் தலையில் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கோவிலுக்கும் பூசைக்கும்

"எங்கள் பங்குக் கோவிலுக்கு" என்று மட்டும் எழுதினால் பணம் யாருக்குப் போவது என்பதில் சிக்கல் வரும். திருச்சபைச் சட்டத்தில் பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகம்) ஒரு சட்ட ஆள், அதாவது தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ளும் அமைப்பு; அரசின் சட்டத்தில் வங்கிக் கணக்கும் சொத்தும் பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் அல்லது அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். பேராயர் இல்ல அலுவலகத்தில் அந்தச் சரியான பெயரையும் பான் எண்ணையும் எழுதி வாங்குங்கள். "பங்குத்தந்தைக்கு" என்று எழுதவே எழுதாதீர்கள்; அது அவருடைய சொந்தப் பணமாகப் பார்க்கப்படலாம். வீட்டில் ஒரு பகுதி, தோப்பில் ஒரு பகுதி என்று நிலத்தை எழுதுவதைவிட, வைப்புத் தொகையிலிருந்து இத்தனை ரூபாய் என்று எழுதினால் கோவிலும் உங்கள் பிள்ளைகளும் கூட்டு உரிமையாளர்களாக மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நிரந்தரப் பூசைக்கு, திருச்சபைச் சட்டம் 1303 அறக்கொடை நிதியம் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆனால் எந்த நிதியும் முடிவில்லாமல் தாங்காது. காலவரையறையை உள்ளூர்த் திருச்சபை விதி முடிவு செய்யும். அதனால் உயிலில் எழுதும்முன்பே பேராயர் இல்லத்தில் பேசி, ஏற்பார்களா, எத்தனை வருடம், எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எளிய வழியும் உண்டு: இறந்தவுடன் 30 நாள் தொடர்ச்சியாக ஒப்புக்கொடுக்கும் கிரகோரியார் பூசைக்கும், அதன்பின் இத்தனை வருடம் நினைவு நாள் பூசைக்கும் மனைவியிடமோ மகளிடமோ ஒரு தொகையைத் தனியே கொடுத்து வைப்பது.

அடக்கச் சடங்கு பற்றி உயிலில் எழுத வேண்டாம். அடக்கம் முடிந்த பிறகுதான் வீட்டில் உயிலைத் தேடுவார்கள். எந்தக் கல்லறை, எந்தப் பாடல், யார் பூசை வைப்பது என்பதைத் தனித் தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள்.

அமெரிக்க யோசனைகள்

மகன் படித்தது அந்த நாட்டுக்குச் சரி. அங்கே பலருக்குப் புரொபேட் ஒரு தலைவலி, பெரிய சொத்துக்காரர்களுக்கு எஸ்டேட் வரியும் (இறந்தவரின் சொத்து மீதான வரி) சேர்ந்துகொள்ளும். இங்கே எஸ்டேட் வரி 1985-இலேயே ஒழிந்தது. புரொபேட்டும் உங்களுக்குக் கட்டாயமில்லை. அதற்காக ஒரு டிரஸ்ட் உருவாக்கி முத்திரைத் தீர்வை கட்டுவதில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

பவர் ஆஃப் அட்டர்னி விஷயம் ஆபத்தானது. இங்கே கொடுத்தவர் நினைவிழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 201. எப்போது அது மிகவும் தேவையோ அப்போது அது செல்லாது. கோமாவில் கிடக்கும் ஒருவருக்காகக் குடும்பம் உயர் நீதிமன்றத்தில்தான் பாதுகாவலர் கேட்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கை மனைவியோடு "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று மாற்றுங்கள். பாதிக் கவலை தீரும்.

உங்கள் விசுவாசம் சொல்லுக்குச் சொல் முக்கியமாகும் ஆவணம் ஒன்று உண்டென்றால், அது மருத்துவ முன்விருப்பப் பத்திரம்: பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பது. 2018-இல் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்றது. கர்நாடக சுகாதாரத் துறையும் 2025 ஜனவரியில் இதற்கு உத்தரவு போட்டது. வக்கீல்களிடம் இருக்கும் படிவங்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்து "வேண்டாம்" என்று குறிக்கச் சொல்லும். திருச்சபை அப்படிப் பார்ப்பதில்லை. பயனை மிஞ்சிய சுமையாகிவிட்ட சிகிச்சையை மறுக்கலாம் என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2278-ஆம் எண். ஆனால் குழாய் வழியாக உணவும் நீரும் கொடுப்பது, உடல் அதை ஏற்கும்வரை, கொள்கையளவில் கைவிடக் கூடாத சாதாரணப் பராமரிப்பு என்று 2007-இல் வத்திக்கான் விளக்கியது. வென்டிலேட்டர் ஒரு வரி, உணவுக் குழாய் தனி வரி என்று பிரித்து எழுதும் பொறுமை உள்ள வக்கீல் வேண்டும். பங்குத்தந்தையின் உதவி உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான்.

வீட்டை இப்போதே மகனுக்குத் தானமாக எழுதும் யோசனையும் கடிதத்தில் இருக்கிறது. வேண்டாம். எழுதியே தீர வேண்டுமென்றால், உங்களையும் மனைவியையும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் பிரிவு 23-இல் திரும்பக் கேட்க அது உதவும்.

கையெழுத்து நாள்

நீங்களும் மனைவியும் ஒரே உயில் எழுதாமல் தனித்தனியாக எழுதுங்கள். கூட்டு உயிலில், ஒருவர் போன பிறகு மற்றவர் மாற்றலாமா என்பதே ஒரு வழக்காகிவிடும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். சொந்தம் இல்லாத, உங்களைவிட இளைய, இங்கேயே வசிக்கும் இரண்டு சாட்சிகள். மூவரும் ஒரே நேரத்தில், ஒருவர் கண்முன் ஒருவர், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. அந்த வாரத்தில் உங்கள் மருத்துவரிடம் புத்தித் தெளிவுக்கான சான்று ஒன்று வாங்கிவிடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள். தோப்பு குமரியில் இருந்தாலும் உயிலைப் பெங்களூருவிலேயே பதியலாம். தமிழில் எழுதினால் சார்பதிவாளர் மொழிபெயர்ப்புக் கேட்பார். ஆங்கிலத்தில் எழுதினால், "எனக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, புரிந்துகொண்டேன்" என்ற வரி இருக்க வேண்டும். உயிலில் பெயர் குறிப்பிடாத எதுவும் உயில் இல்லாத சொத்தாகிவிடும் என்பதால், "இதில் சொல்லாத மற்ற எல்லாம் இன்னாருக்கு" என்ற வரியும் கடைசியில் வேண்டும்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது எடுத்துப் போங்கள்: வீட்டுக் கிரயப் பத்திரம், காத்தா, வில்லங்கச் சான்றிதழ், தோப்பின் மூலப்பத்திரமும் பட்டாவும், அப்பா அம்மா இறப்புச் சான்றிதழ்கள், நான்கு உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் தேதிகளோடு உள்ள குடும்ப வரைபடம், வைப்புத் தொகை, காப்பீட்டு நாமினி விவரம். திருமுழுக்குச் சான்றிதழையும் மறக்காதீர்கள். நம்மவர்களுக்குக் கோவில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர் இருப்பது வழக்கம். அத்தனையும் "என்கிற" போட்டு உயிலின் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். பதிவான மூல உயிலை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை மனைவிக்கும் ஒயிட்ஃபீல்டு மகளுக்கும் சொல்லுங்கள். வங்கி லாக்கரில் வைப்பதாக இருந்தால், லாக்கர் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது.